நாம் இருக்கும் இடத்தைப் பிறர்க்கு அறிவித்தல்

“இப்பொழுது எங்கே இருக்கிறீர்கள்?” என்னும் வினா மிகவும் எளியது. ஆயின், அதற்குப் பிழையற்ற விடை கூறுதல் அத்துணை எளிதன்று. ஊருக்குள் இருப்பவர் கோயில், குளம், சாவடி முதலிய அடையாளங்களைச் சொல்லிவிடலாம். கடலிலும், அடர்ந்த காட்டிலும், வெள்ளம் சூழ்ந்த வயல்வெளியிலும் நிற்பவர்க்கு அத்தகைய அடையாளம் கிட்டுவதில்லை. அவர் தம் இடத்தை எவ்வாறு அறிவிக்கிறார் என்பதைப் பொறுத்தே சில வேளைகளில் அவருடைய உயிர் நிலைக்கிறது.

1912ஆம் ஆண்டு ஏப்ரல் 14ஆம் நாள் இரவு, ‘டைட்டானிக்’ என்னும் பயணிகள் கப்பல் வட அட்லாண்டிக் கடலில் பனிப்பாறை ஒன்றின்மீது மோதியது. உதவி வேண்டிக் கம்பியில்லாத் தந்தி மூலம் அனுப்பப்பெற்ற செய்தியில், கப்பல் இருந்த இடம் வடக்கு அட்சரேகை 41° 46', மேற்கு தீர்க்கரேகை 50° 14' என்று கூறப்பட்டிருந்தது. 1985ஆம் ஆண்டில் அக்கப்பலின் சிதைவுகள் கடலின் அடியிற் கண்டுபிடிக்கப்பட்டபோது, அவை மேற்கூறிய இடத்தினின்றும் சுமார் 13 கடல் மைல், அஃதாவது ஏறத்தாழ 24 கிலோமீட்டர் விலகிக் கிடந்தன. உதவிக்கு விரைந்த ‘கார்ப்பேதியா’ என்னும் கப்பல் தென்கிழக்குத் திசையிலிருந்து வந்தமையால், அறிவிக்கப்பட்ட இடத்தை அடையுமுன்பே வழியில் உயிர்காப்புப் படகுகளைக் கண்டது. அது வேறு திசையிலிருந்து வந்திருக்குமாயின், எழுநூற்றுக்கு மேற்பட்ட மக்கள் கடுங்குளிரில் இன்னும் நெடுநேரம் காத்திருக்க நேர்ந்திருக்கும்.

நம் நாட்டிலும் இதற்குச் சான்று உண்டு. 2017ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் கன்னியாகுமரிக் கடற்பகுதியைக் கடந்து அரபிக்கடலில் சென்றபோது, தமிழ்நாட்டையும் கேரளத்தையும் சேர்ந்த மீனவர் பலர் ஆழ்கடலில் இருந்தனர். கரைக்கும் படகுக்கும் இடையே செய்தி பரிமாறும் சாதனம் அத்தொலைவுக்கு எட்டாமையால், புயலெச்சரிக்கை பலரைச் சென்றடையவில்லை. அவர்கள் இருந்த இடமும் கரைக்குத் தெரியவில்லை.

இன்று இடத்தைக் கணிக்கும் கருவி ஏறக்குறைய எல்லோர் கையிலும் உள்ளது. எனினும், அதன் வழியாகப் பெறும் எண்களை எங்ஙனம் படிப்பது, எவர்க்கு எவ்வளவு அறிவிப்பது என்பவற்றைப் பலரும் அறிந்திலர். அவற்றை ஈண்டுச் சுருக்கமாகக் காண்போம்.

அறிவிப்பின் மூன்று உறுப்புகள்

முழுமையான இட அறிவிப்பில் மூன்று செய்திகள் அடங்கியிருத்தல் வேண்டும். முதலாவது, இடம், இரண்டாவது, அவ்விடத்தில் இருந்த நேரம், மூன்றாவது, அவ்வளவீட்டில் நேரக்கூடிய பிழையின் அளவு.

இவற்றுள் நேரமே பெரும்பாலும் விடுபட்டுப் போகிறது. ‘இப்பொழுது இருக்கும் இடம்’ என்பது அறிவித்த கணமே பழைய செய்தியாகத் தொடங்குகிறது. இயந்திரம் பழுதுற்ற படகு ஒன்று நீரோட்டத்தில் மணிக்கு 2 கிலோமீட்டர் வேகத்தில் மிதந்து செல்கிறது என்று கொள்வோம். அது செல்லும் திசை தெரியாது. ஒரு மணி நேரம் கழித்து அதைத் தேடுவோர் 2 கிலோமீட்டர் ஆரமுடைய வட்டத்தைத் துழாவ வேண்டும். அதன் பரப்பு சுமார் 13 சதுர கிலோமீட்டர். மூன்று மணி நேரம் கழிந்தால் ஆரம் 6 கிலோமீட்டராகவும், பரப்பு சுமார் 113 சதுர கிலோமீட்டராகவும் ஆகிவிடும். காலம் மும்மடங்கு ஆகும்போது தேட வேண்டிய பரப்பு ஒன்பது மடங்கு ஆகின்றது. ஆகவே, நேரம் குறிக்கப்படாத இட அறிவிப்பைப் பெறுவோர், எத்துணைப் பெரிய வட்டத்தைத் தேடுவது என்பதையே அறியார்.

இடத்தை எண்ணாற் குறித்தல்

பூமியின்மேல் உள்ள எந்த இடத்தையும் அட்சரேகை, தீர்க்கரேகை என்னும் இரண்டு எண்களாற் குறிக்கலாம் என்பதை ஆசிரியர்கள் நன்கறிவர். ஒரு பாகையை 60 கலைகளாகவும், ஒரு கலையை 60 விகலைகளாகவும் பகுப்பது பழைய முறை. பாகையின் பின்னத்தைத் தசமத்தில் எழுதுவது இக்காலக் கருவிகளில் பெருவழக்காக உள்ள முறை.

புது டில்லியிலுள்ள இந்தியா கேட் என்னும் நினைவு வளைவை எடுத்துக் கொள்வோம். தசம முறையில் அதன் இடம் வடக்கு 28.6129, கிழக்கு 77.2295 பாகை ஆகும். பழைய முறையில் அதுவே வடக்கு 28° 36' 46", கிழக்கு 77° 13' 46" ஆகும். இவ்விரு முறைகளையும் ஒன்றாகக் கருதிக் குழம்புவது கள ஊழியர்களிடையே காணப்படும் பெரும் பிழையாகும். 28° 36' 46" என்பதை 28.3646 என்றும், 77° 13' 46" என்பதை 77.1346 என்றும் ஒருவர் எழுதிவிட்டால், குறிக்கப்படும் இடம் தெற்கே சுமார் 27 கிலோமீட்டரும், மேற்கே சுமார் 9 கிலோமீட்டரும் பெயர்ந்து விடும். எண்களைப் பார்த்த அளவில் பிழை எதுவும் தோன்றாது என்பதே இதிலுள்ள தொல்லை. இரண்டு எண்களையும் இடம் மாற்றி எழுதினாலோ, இந்தியா கேட் வடதுருவத்தை அடுத்த பாரன்ட்ஸ் கடலுக்குள் சென்றுவிடும்! பின்னைய பிழை உடனே கண்ணிற்படும், முன்னையது படாது.

தசமப் புள்ளிக்குப் பின்னுள்ள ஒவ்வோர் இலக்கத்துக்கும் ஒரு தூரம் உண்டு. வடக்குத் தெற்காக ஒரு பாகை ஏறத்தாழ 111 கிலோமீட்டர். எனவே, முதல் தசம தானம் 11 கிலோமீட்டரையும், இரண்டாவது 1.1 கிலோமீட்டரையும், மூன்றாவது 111 மீட்டரையும், நான்காவது 11 மீட்டரையும், ஐந்தாவது 1.1 மீட்டரையும், ஆறாவது 11 சென்டிமீட்டரையும் குறிக்கும். கிழக்கு மேற்காக ஒரு பாகையின் நீளம், பூமத்திய ரேகையினின்றும் விலக விலகக் குறைந்து வரும். டில்லியில் அது சுமார் 98 கிலோமீட்டர்.

இதனின்றும் ஓர் உண்மை புலனாகும். கைபேசி ஆறு அல்லது ஏழு தசம தானங்களைக் காட்டுவதால் மட்டும் அது சென்டிமீட்டர் வரை துல்லியமாக அளந்துவிட்டது என்று கொள்ளுதல் தவறு. திறந்த வெளியில் நல்ல நிலையிலும் சாதாரணக் கைபேசியின் பிழை 5 மீட்டர் அளவில் இருக்கும். ஐந்து தானங்களுக்கு மேல் எழுதுவது காகிதத்தை நிரப்புமேயன்றி அறிவை வளர்க்காது.

இனி, அட்சரேகையும் தீர்க்கரேகையும் பூமியின் வடிவத்தைப் பற்றிய ஒரு கணிப்பை அடிப்படையாகக் கொண்டவை. 1802ஆம் ஆண்டில் சென்னையில் பரங்கிமலைக்கு அருகே அடிக்கோடு அளந்து லாம்டன் தொடங்கிய பெரிய முக்கோண அளவையின் பயனாக, எவரெஸ்ட் என்பார் 1830ஆம் ஆண்டில் பூமியின் வடிவத்தைக் கணித்தார். நம் நாட்டின் பழைய நிலப்படங்கள் அக்கணிப்பைப் பின்பற்றியவை. செயற்கைக் கோள்வழிக் கருவிகளோ ‘டபிள்யூ.ஜி.எஸ். 84’ என்னும் வேறொரு கணிப்பைப் பின்பற்றுகின்றன. ஆதலின், கைபேசியிற் பெற்ற எண்ணைப் பழைய நிலப்படத்தில் அப்படியே குறித்தால், புள்ளி பல பத்து மீட்டருக்கு மேலும் விலகி விழக்கூடும். 2005ஆம் ஆண்டின் தேசிய நிலப்படக் கொள்கையின்படி பொதுமக்களுக்காக வெளியிடப்பெறும் படங்கள் புதிய கணிப்பையே பின்பற்றுவதால், அவற்றில் இவ்விடர் எழாது.

கைபேசி இடத்தை அறியும் விதம்

1957ஆம் ஆண்டு அக்டோபர் 4ஆம் நாள் சோவியத் நாடு ‘ஸ்புட்னிக்’ என்னும் முதற் செயற்கைக் கோளை விண்ணில் ஏவியது. அது அனுப்பிய ரேடியோ அலையின் அதிர்வெண், கோள் நெருங்கும்போது கூடியும் விலகும்போது குறைந்தும் வருவதை அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆராய்ச்சிக் கூடத்தில் இரு விஞ்ஞானிகள் கவனித்தனர். நிலத்தில் ஓரிடத்தில் இருந்துகொண்டே கோளின் பாதையைக் கணிக்க இஃது உதவிற்று. கோளின் பாதை முன்னரே தெரிந்திருந்தால், இதே கணிதத்தைத் திருப்பி, நிலத்தில் உள்ளவரின் இடத்தைக் கணிக்கலாமன்றோ என்னும் எண்ணம் 1958இல் எழுந்தது. அவ்வெண்ணமே செயற்கைக் கோள்வழி இடமறிதலுக்கு வித்தாயிற்று.

பின்னர் வந்த ஜி.பி.எஸ். முறையின் முதற் கோள் 1978இல் ஏவப்பட்டது. 1995இல் அம்முறை முழுமை பெற்றது. அதன் கோள்கள் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் பூமியைச் சுற்றுகின்றன. நம் நாட்டின் ‘நாவிக்’ முறைக்கான முதல் ஏழு கோள்கள் 2013க்கும் 2016க்கும் இடையே ஏவப்பட்டன. அது இந்தியாவிலும், அதன் எல்லையைச் சுற்றி 1,500 கிலோமீட்டர் வரையிலும் பயன்படுமாறு வகுக்கப்பெற்றது.

இக்கோள்கள் நம்மைப் பார்ப்பதில்லை. நாம் இருக்கும் இடத்தை அவை அறிவதும் இல்லை. ஒவ்வொரு கோளும், தான் உள்ள இடத்தையும் தன் கடிகாரம் காட்டும் நேரத்தையும் இடைவிடாது அறிவித்துக் கொண்டிருக்கிறது. கைபேசி அச்செய்தியைக் கேட்கிறது. செய்தி புறப்பட்ட நேரத்துக்கும் வந்து சேர்ந்த நேரத்துக்கும் உள்ள வேறுபாட்டை ஒளியின் வேகத்தாற் பெருக்கினால், கோளின் தூரம் கிடைக்கும். மூன்று கோள்களின் தூரம் தெரிந்தால் இடம் தெரியும். கைபேசியின் கடிகாரப் பிழையை நீக்கிக்கொள்ள நான்காவது கோள் வேண்டும். ஒரு வினாடியின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு பிழைத்தாலும் தூரத்தில் 300 மீட்டர் பிழைத்துவிடும். சார்புத் தத்துவத்தின்படி, கோள்களின் கடிகாரங்கள் தரையிலுள்ளவற்றைவிட நாளொன்றுக்கு அத்தகைய பங்குகள் 38 முந்திச் செல்லும். இதனைத் திருத்தாவிடின் ஒரே நாளில் 10 கிலோமீட்டருக்கு மேல் பிழை சேரும். ஐன்ஸ்டீனின் தத்துவம் அன்றாட வாழ்வுக்குப் பயன்படாது என்று கருதும் மாணவர்க்கு ஆசிரியர்கள் இதனை எடுத்துக் காட்டலாம்.

உயர்ந்த கட்டடங்களுக்கு இடையிலும் வீட்டுக்கு உள்ளேயும் கோள்களின் செய்தி தெளிவாக எட்டாது. அப்பொழுது கைபேசி, அருகிலுள்ள தொலைபேசிக் கோபுரங்களையும் ‘வை-ஃபை’ நிலையங்களையும் கொண்டு இடத்தை ஊகிக்கும். அவ்வூகத்தின் பிழை சில நூறு மீட்டரோ, கிராமப்புறங்களில் சில கிலோமீட்டரோ இருக்கலாம். நிலப்படத்திற் புள்ளியைச் சுற்றித் தோன்றும் வெளிர்நீல வட்டம் இப்பிழையளவையே காட்டுகிறது. வட்டம் சுருங்கும் வரை திறந்த வெளியிற் சற்றே பொறுத்திருந்து, பின்னர் அறிவித்தல் நன்று.

எழுத்துகளாலாகிய குறியீடு

நீண்ட எண்களைத் தொலைபேசியிற் சொல்லும்போது பிழை நேர்வது இயல்பு. இதற்கு மாற்றாக, இந்திய அஞ்சல் துறை, ஐதராபாத் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தோடும் தேசியத் தொலையுணர்வு மையத்தோடும் கூடி வகுத்த ‘டிஜிபின்’ என்னும் குறியீட்டை 2025ஆம் ஆண்டு மே மாதத்தில் வெளியிட்டது. இந்தியாவையும் அதனைச் சூழ்ந்த பகுதியையும் உள்ளடக்கிய, 36 பாகைப் பக்கமுள்ள ஒரு சதுரம் 16 கட்டங்களாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு கட்டத்துக்கும் ஓர் எழுத்து அல்லது எண் இடப்படுகிறது. அக்கட்டம் மறுபடியும் 16 ஆகப் பிரிக்கப்படுகிறது. இங்ஙனம் பத்து முறை பிரித்தபின் எஞ்சுவது ஏறத்தாழ 4 மீட்டர் பக்கமுள்ள ஒரு சிறு கட்டம். அதன் பெயரே பத்துக் குறிகள் கொண்ட டிஜிபின். 1972ஆம் ஆண்டிலிருந்து வழங்கும் அஞ்சற் குறியீட்டு எண் ஓர் அஞ்சலகத்தின் பகுதி முழுவதையும் குறிக்கிறது. இதுவோ ஒரு வீட்டின் வாயிலையே குறிக்க வல்லது.

இதில் மற்றொரு சிறப்பும் உண்டு. இறுதிக் குறிகளை நீக்கிவிட்டால், எஞ்சிய குறிகள் அவ்விடத்தை உள்ளடக்கிய பெரிய கட்டத்தைக் குறிக்கும். முதல் எட்டுக் குறிகள் சுமார் 60 மீட்டர்க் கட்டத்தையும், முதல் ஆறு குறிகள் சுமார் ஒரு கிலோமீட்டர்க் கட்டத்தையும் தெரிவிக்கும். தசம தானங்களைக் குறைப்பதும் இதனையொத்ததே. வேண்டிய அளவுக்கு மட்டுமே இடத்தைத் தெரிவிக்கும் வழி, இவ்வாறு எண்களிலேயே அமைந்திருக்கிறது.

மிகையாக அறிவிப்பதன் அபாயம்

இடம் தெரியாமையால் விளையும் தீங்கைக் கண்டோம். எல்லோர்க்கும் தெரிவதாலும் தீங்கு விளையும்.

‘ஸ்டிராவா’ என்னும் நிறுவனம், ஓட்டப் பயிற்சியும் மிதிவண்டிப் பயிற்சியும் செய்வோர் சென்ற பாதைகளை ஒன்று திரட்டி 2017ஆம் ஆண்டு நவம்பரில் உலகப் படம் ஒன்றை வெளியிட்டது. அப்படத்தில் எவருடைய பெயரும் இல்லை. எனினும், 2018ஆம் ஆண்டு ஜனவரியில், ஆப்கானிஸ்தான், சிரியா முதலிய நாடுகளின் வெற்றுவெளிகளில் ஒளிர்ந்த கோடுகள், அங்கிருந்த இராணுவ முகாம்களின் உருவத்தைக் காட்டிக் கொடுத்தமை வெளிப்பட்டது. வீரர்கள் தம் உடற்பயிற்சியைப் பதிவு செய்தனர். முகாம் தானே வரையப்பட்டுவிட்டது.

பெயரை நீக்கிவிட்டால் ஆளை அறிய இயலாது என்னும் எண்ணமும் சரியன்று. 2013ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வில், 15 லட்சம் மக்களின் கைபேசிகள் 15 மாதம் விட்டுச்சென்ற இடப்பதிவுகள் ஆராயப்பட்டன. ஒருவர் எந்த நேரத்தில் எங்கிருந்தார் என்னும் குறிப்புகள் நான்கு மட்டும் கிடைத்தாலே, நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேரைப் பிறரிடமிருந்து தனியே பிரித்துவிடலாம் என்பது அதன் முடிவு. காரணம் எளிதில் விளங்கும். இரவில் ஒரே இடத்திலும் பகலில் ஒரே இடத்திலும் அமையும் புள்ளிகள், ஒருவருடைய வீட்டையும் அலுவலகத்தையும் சொல்லிவிடுகின்றன. இவ்விரண்டும் ஒருங்கே பொருந்துவோர் ஊரில் பலர் இரார்.

புகைப்படங்களைப் பற்றியும் கவனம் வேண்டும். அனுமதி அளிக்கப்பட்டிருப்பின், கைபேசி தான் எடுக்கும் ஒவ்வொரு படத்தினுள்ளும் அட்சரேகை, தீர்க்கரேகை, நேரம் ஆகியவற்றை எழுதி வைக்கிறது. ஊரக வீட்டுத் திட்டங்களில், கட்டடம் உரிய இடத்தில் எழும்புகிறதா என்று சரிபார்க்க இக்குறிப்பு பெரிதும் துணை செய்கிறது. அதே குறிப்பு, ஒரு குழந்தையின் படத்தோடு அக்குழந்தையின் வீட்டையும் அயலார்க்குச் சொல்லிவிடக்கூடும். சில செய்திச் செயலிகள் படத்தைச் சுருக்கி அனுப்பும்போது இக்குறிப்பை நீக்கிவிடுகின்றன. மூலப்படத்தை அப்படியே அனுப்பினால் குறிப்பும் உடன் செல்லும்.

தாவரங்கட்கும் விலங்குகட்கும் இது பொருந்தும். அரிய ஆர்க்கிட் செடியோ, ஆமையின் முட்டைக் குழியோ இருக்கும் இடம் வெளியானால், அதனைக் கவர்ந்து செல்வோர் நேரே அங்குச் சென்றுவிடுவர். இதனாலேயே ‘ஐநேச்சுரலிஸ்ட்’ என்னும் உலகளாவிய இயற்கைப் பதிவேடு, அழியும் நிலையிலுள்ள இனங்களின் இடத்தை 0.2 பாகைப் பக்கமுள்ள கட்டத்துக்குள் மறைத்தே பொதுமக்களுக்குக் காட்டுகிறது. 0.2 பாகை என்பது சுமார் 22 கிலோமீட்டர்.

எவர்க்கு எவ்வளவு?

மேற்கூறியவற்றினின்றும் கள ஊழியர்கள் பின்பற்றத்தக்க ஒழுங்கு ஒன்று கிடைக்கிறது. மூன்று உறுப்புகளையும் பெறுவோரின் தேவைக்கேற்ப அளந்து கொடுப்பதே அது.

மீட்போர்க்கு எதையும் மறைத்தல் கூடாது. ஐந்து தசம தானங்கள் வரை இடத்தையும், நேரத்தையும், பிழை வட்டத்தின் அளவையும் தெரிவிக்க வேண்டும். 112 என்னும் அவசர எண்ணுக்குப் பேசும்போது எண்களோடு அருகிலுள்ள அடையாளத்தையும் சேர்த்துக் கூறுதல் நலம். ஒன்று பிழைத்தாலும் மற்றது திருத்தும். தொலைபேசித் தொடர்பு இல்லாத இடத்திலும் கைபேசி தன் இடத்தைக் கணிக்கும் என்பதையும், அதனைப் பிறர்க்கு அனுப்பவே தொடர்பு வேண்டும் என்பதையும் நினைவிற் கொள்க. பேச இயலாத மெல்லிய தொடர்பிலும் குறுஞ்செய்தி சில வேளைகளிற் சென்றுவிடும்.

அலுவலகத்துக்கும் குடும்பத்துக்கும் பணி நேரத்தில் மட்டும், குறித்த கால எல்லையோடு தெரிவித்தல் போதும். தொடர்ந்து இடத்தைக் காட்டும் வசதியை ஒரு மணி அல்லது எட்டு மணி என்று வரையறுத்துக் கொள்ளலாம். பணி முடிந்ததும் அது நின்றுவிட்டதா என்று சரிபார்த்தல் வேண்டும்.

பொதுமக்கள் அனைவரும் காணும்படி வெளியிடும்போது, தானங்களைக் குறைத்தலோடு காலத்தையும் தாழ்த்துதல் அவசியம். “இன்று இன்ன கிராமத்தில் தங்கியுள்ளேன்” என்பதற்கும், “சென்ற வாரம் இன்ன வட்டத்திற் பணி புரிந்தேன்” என்பதற்கும் படிப்போர் பெறும் அறிவில் பெரும் வேறுபாடு இல்லை. தீங்கு நினைப்பார் பெறும் வாய்ப்பில் உண்டு. முன்னது, இப்பொழுது வீடு பூட்டியிருக்கிறது என்பதையும் சேர்த்தே அறிவிக்கிறது.

பிறருடைய இடத்தை அறிவிக்கும்போது அவர் சம்மதம் பெறுதல் வேண்டும். கைபேசி நம்முடையதாயினும், உடன் நிற்பவரின் இடம் அவருடையது.

பள்ளியில் செய்து பார்க்கத்தக்கவை

1. பள்ளி வாயிலில் நின்று, ஐந்து நாட்கள், நாளுக்கு இரு முறை கைபேசி காட்டும் எண்களைக் குறிக்கவும். பத்துப் புள்ளிகளையும் கட்டத் தாளில் இடவும். அவை ஒரே புள்ளியில் விழாமல் சிதறும். அச்சிதறலே பிழையளவு.

2. விளையாட்டு மைதானத்தில் வடக்கு நோக்கி 100 மீட்டர் அளந்து, இரு முனைகளிலும் அட்சரேகையைக் குறிக்கவும். வேறுபாடு சுமார் 0.0009 பாகை வருகிறதா என்று பார்க்கவும்.

3. பள்ளியின் எண்களை ஐந்து தசம தானங்களுடன் கரும்பலகையில் எழுதி, இறுதி இலக்கத்தை ஒவ்வொன்றாக அழித்து வரவும். ஒவ்வொரு முறையும், எஞ்சிய எண் வாயிலைக் குறிக்கிறதா, தெருவையா, ஊரையா, வட்டத்தையா என்று மாணவர் கூறட்டும்.

மூன்றாவது பயிற்சியின் முடிவில், “உன் வீட்டை அஞ்சற்காரர்க்குச் சொல்ல எத்தனை இலக்கம் வேண்டும்? முன்பின் அறியாதவர்க்குச் சொல்ல எத்தனை போதும்?” என்று வினவலாம். இவ்விரு வினாக்களுக்கும் தயங்காது விடையளிக்கும் மாணவன், கணிதத்தோடு தன்னைக் காத்துக்கொள்ளும் முறையையும் கற்றவனாவான்.